சீடத்துவம்: யாருடைய அன்றாட வாழ்வில்?

கிறிஸ்தவ சமயத் தலைவர்கள் ஒன்றுகூடும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு தொடர் அடிக்கடி ஒலிக்கின்றது. ‘அன்றாட வாழ்வில் சீடத்துவம்’ என்பதே அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் முழந்தாளிடுவதோடு கிறிஸ்தவனின் கடமை முடிந்துவிடுவதில்லை. திங்கள் தொடங்கிச் சனி வரை, வேலைத்தலத்திலும் சந்தையிலும் வீட்டிலும் அவன் இயேசுவின் சீடனாக வாழவேண்டும் என்பது இதன் பொருள். 2018 மார்ச் மாதத்தில் தன்சானியாவின் அரூஷா நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய மாநாட்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி இதனையே பேசினர். சீடத்துவத்துக்கான அழைப்பு ஒன்றையும் வெளியிட்டனர். கூட்டங்கள் வேறாயினும் பேச்சின் சாரம் பெரும்பாலும் ஒன்றே: விசுவாசம் வாழ்க்கையாக வேண்டும்.

இதில் நமக்கென்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். அக்கறை இரண்டு வகையில் உண்டு. முதலாவதாக, இந்நாட்டின் துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் மீன்வாடிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைப்பவர்களுள் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு என்ன போதிக்கப்படுகின்றது என்பது உழைக்கும் மக்களின் பிரச்சினையே. இரண்டாவதாக, அன்றாட வாழ்வு என்பது இலக்கியத்தின் மூலப்பொருள். அதைப் பற்றி யார் எந்த மொழியிற் பேசினாலும், அப்பேச்சு வாழ்வைத் தொடுகின்றதா, அல்லது வாழ்வின் பெயரை மட்டும் உச்சரிக்கின்றதா என்று உரைத்துப் பார்ப்பது விமர்சகனின் தொழில். எனவே, சீடத்துவம் என்னும் கோட்பாட்டை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. ‘அன்றாட வாழ்வு’ என்று சொல்லும்போது யாருடைய அன்றாட வாழ்வு கருதப்படுகின்றது என்ற ஒரேயொரு கேள்வியையே எழுப்புகின்றோம்.

இக்கேள்வியைக் கேட்பதற்குத் தெமட்டகொடையைவிடப் பொருத்தமான இடம் கொழும்பில் இல்லை. றெயில் இயந்திரங்கள் வந்து தங்கிச் செப்பனிடப்படும் கொட்டகை இங்குதான் உள்ளது. தண்டவாளத்தின் இருமருங்கிலும் கால்வாய்க் கரையிலும், வத்தைகள் என்றும் தோட்டங்கள் என்றும் பெயர்பெற்ற நெருக்கமான குடியிருப்புகள் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. பொதுக் குழாயடியில் வாளிகளின் வரிசை, ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் பாடப்புத்தகமும் என்பதே அவற்றின் வாழ்க்கை. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் நகர மீளுருவாக்கம் என்ற பெயரில் இக்குடியிருப்பாளர் பலர் அடுக்குமாடிகளுக்கு ஏற்றப்பட்டனர். நிலத்தின் விலை உயர்ந்தது. அதில் வாழ்ந்தவர்கள் ஆகாயத்துக்குக் குடிபெயர்ந்தனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் ஆகிய யாவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இடம் இது. பன்சலையும் பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் ஒன்றன் ஓசையை மற்றொன்று கேட்கும் தூரத்தில் உள்ளன.

தெமட்டகொடையை ஊடறுத்துச் செல்வது பேஸ்லைன் வீதி. அதன் வழியே தெற்கு நோக்கி நடந்தால் வெலிக்கடைச் சிறைச்சாலை வரும். அதைக் கடந்தால் பொறளை. அதற்கப்பால் கனத்தை மயானம். கிழக்கே திரும்பினால் கொலன்னாவை, மேற்கே மருதானை. இலங்கையின் சமகாலச் சரித்திரத்தில் குருதி சிந்திய பக்கங்கள் பல இந்த நடை தூரத்துக்குள்ளேயே எழுதப்பட்டுள்ளன. சீடத்துவம் பேசுபவர்களின் பேச்சை உரைத்துப் பார்க்க இவ்வீதியே நமக்கு உரைகல்.

1947 ஜூன் 5ஆம் திகதி, பொது வேலைநிறுத்தத்தின்போது, தெமட்டகொடை–கொலன்னாவைப் பகுதியில் சென்ற தொழிலாளர் ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டனர். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தைச் சேர்ந்த கந்தசாமி உயிரிழந்தார். இறந்தவர் தமிழர்; அவருடன் நடந்தவர்களுள் பெரும்பாலோர் சிங்களத் தொழிலாளர். இடதுசாரி இயக்கம் இன்றுவரை பெருமையோடு நினைவுகூரும் நாள் அது. அடுத்த ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது.

அக்காலத்தில் திருச்சபைத் தலைமையின் சிந்தனை எங்கிருந்தது? அது தொழிலாளர் இயக்கத்தைச் சந்தேகக் கண்ணோடு நோக்கியது. மார்க்சியம் என்றால் நாத்திகம், நாத்திகம் என்றால் பகை என்ற சூத்திரமே அதற்கு வழிகாட்டியது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க முனைந்தபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்தனர். அவர்களுடைய உறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், கட்டடங்களுக்காகத் திரளத் தெரிந்த அச்சமூகம், நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்காக அவ்வாறு திரளவில்லை என்பதைச் சரித்திரம் மறைக்காது. நிறுவனத்தின் உடைமைக்கு ஊறு நேரும்போது விசுவாசம் வீதிக்கு வருகின்றது. ஏழையின் உரிமைக்கு ஊறு நேரும்போது அது செபப்புத்தகத்துக்குள் ஒதுங்குகின்றது. ‘அன்றாட வாழ்வில் சீடத்துவம்’ என்ற பேச்சுக்கு முதல் தடை இதுவே.

இத்தடையை உணர்ந்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே தோன்றினர் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1958இல் பொதுநிலையினர் சிலர் கிறிஸ்தவ தொழிலாளர் தோழமை என்ற அமைப்பைக் கொழும்பில் தொடங்கினர். சபைப் பிரிவுகளைக் கடந்து, தொழிற்சங்கத்தையே தம் விசுவாசத்தின் களமாகக் கொண்டவர்கள் அவர்கள். மே தினத்தோடு இணைந்த தொழிலாளர் வழிபாட்டுமுறை ஒன்றை உருவாக்கியதும் அவர்களே. பொறளையிலுள்ள அக்குவைனாஸ் கல்லூரியின் தலைமையை விட்டு விலகிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1971இல் மருதானையில் சமூக சமய நிலையத்தை நிறுவினார். அது தெமட்டகொடையின் அண்டை வீடு. ஏப்ரல் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்ட ஆண்டு அது என்பதும் கவனிக்கத்தக்கது.

பாலசூரிய 1977இல் வெளியிட்ட ‘நற்கருணையும் மனித விடுதலையும்’ என்ற ஆங்கில நூல் அளவிற் சிறியது, கேள்வியிற் பெரியது. உலகெங்கும் நாள்தோறும் எண்ணற்ற பூசைகள் நிறைவேறுகின்றன; அப்பம் பிட்கப்படுகின்றது; பகிரப்படுகின்றது. அப்படியிருந்தும் அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் வீட்டுக்குச் சென்றபின் நிலத்தையும் செல்வத்தையும் பகிராமல் இருப்பது எப்படி? சடங்கு நிறைவேற நிறைவேறச் சுயநலம் குறையாதது ஏன்? நூலாசிரியர் எழுப்பும் வினாவின் சாரம் இது. ஐரோப்பிய வல்லரசுகள் கிழக்கு நாடுகளைக் கொள்ளையிட்ட நூற்றாண்டுகளிலும் பூசைகள் தவறாது நடந்தன என்பதை அவர் நினைவூட்டுகின்றார். சமயத்தின் மொழியிலேயே சமயத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றிய இந்நூல், நம் நாட்டில் எழுதப்பட்ட சமூக விமர்சன நூல்களுள் முக்கியமான ஒன்று. அதன் ஆசிரியர் பின்னாளில் எழுதிய ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்ற நூலின் காரணமாக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஓராண்டுக்குப் பின் அவ்விலக்கு நீக்கப்பட்டது. சீடத்துவத்தைப் பற்றிப் பேசுவோர், சிந்தித்த சீடனுக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பேசுவார்களாயின் நன்று.

இனி வென்னப்புவைக்கு வருவோம். 1979 ஜனவரியில் மூன்றாம் உலக இறையியலாளர் ஒன்றியத்தின் ஆசிய மாநாடு அங்கே கூடியது. முழு மனிதத்துக்கான ஆசியாவின் போராட்டம் என்பதே அதன் பொருள். கிறிஸ்தவத் தலைவர்கள் கூடிய பல மாநாடுகளிலிருந்து இதனை நாம் தனியே பிரித்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பிரதிநிதிகள் முதலில் மண்டபத்துக்கு அனுப்பப்படவில்லை. சில நாட்கள் தொழிலாளரோடும் விவசாயிகளோடும் தோட்ட மக்களோடும் தங்கியிருக்க அனுப்பப்பட்டனர். அதன் பின்னரே விவாதம் தொடங்கியது. வாழ்க்கை முதலில், கோட்பாடு பின்னர் என்ற இந்த ஒழுங்கு சாதாரணமானதன்று. நூலகத்திலிருந்து மக்களைப் பற்றி எழுதும் நமது எழுத்தாளர் சிலருக்கும் இது பாடமாகும்.

அம்மாநாட்டில் அலோசியஸ் பீரிஸ் அடிகளார் ஆற்றிய உரை ஆசியாவைத் தாண்டியும் பேசப்பட்டது. பௌத்த தத்துவத்தில் ஆழ்ந்த புலமையுள்ளவர் அவர். களனியில் துலானா என்ற ஆய்வு நிலையத்தை 1974இல் நிறுவியவர். அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான்: ஆசியாவின் முகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு, ஒன்று அதன் பெரும் வறுமை, மற்றது அதன் பன்முகச் சமயப் பண்பு. சமயத்தைத் தள்ளிவிட்டு வறுமையை மட்டும் பேசும் விடுதலைவாதமும், வறுமையைத் தள்ளிவிட்டுச் சமய ஞானத்தை மட்டும் போற்றும் ஆசிரமவாதமும் இங்கே வேரூன்றமாட்டா. ஆசியாவில் சிறுபான்மையாயிருக்கும் திருச்சபை போதகனாக வரக்கூடாது. யோர்தான் நதியில் யோவானிடம் தலைதாழ்த்திய இயேசுவைப்போல ஆசியச் சமய மரபின் முன் தலைதாழ்த்த வேண்டும். பின்னர் ஆசிய வறுமையின் சிலுவையையும் சுமக்க வேண்டும்.

இவ்வுரையின் பலம் எங்கே உள்ளது? வறுமையை அது இரண்டாகப் பிரித்துக் காண்கின்றது. ஒன்று திணிக்கப்பட்ட வறுமை. மற்றது தானே தெரிந்துகொண்ட எளிமை. முன்னையது ஒழிக்கப்பட வேண்டிய அநீதி. பின்னையது பேராசைக்கு எதிரான ஆயுதம். துறவி தன் எளிமையைத் தன் ஆன்ம ஈடேற்றத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டால் அது அலங்காரம். திணிக்கப்பட்ட வறுமையை ஒழிக்கும் போராட்டத்தில் அதனை ஈடுபடுத்தினாலே அது சீடத்துவம். பக்திப் பேச்சின் புகைமூட்டத்துக்குள் இத்தகைய தெளிவு அபூர்வமானது.

எனினும், உரையை மீண்டும் படிக்கும் தமிழ் வாசகனுக்கு ஒரு குறை உறுத்தவே செய்யும். வறுமையும் சமயமும் இரு தூண்களாக நிற்கும் அம்மண்டபத்தில் சாதி தூணாகவில்லை. நமது சமூகத்தில் வறுமை வெறும் வருமானக் குறைவன்று. அது பிறப்போடு ஒட்டப்படுவது; கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் ஆலய வாசலிலும் நாள்தோறும் நினைவூட்டப்படுவது. நமது சமயப் பண்போ அவ்வொட்டுக்குப் பசையாக நெடுங்காலம் பயன்பட்டது. ஆசியச் சமய மரபின் முன் தலைதாழ்த்தும் சீடன், அம்மரபு யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் கேட்க வேண்டாமா? கிறிஸ்தவமும் இதிலிருந்து தப்பவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு பிரிவினரும் தனித்தனியே இருந்து வழிபடும்படி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலயமே இரு கிளையாகக் கட்டப்பட்டது. ஒரே அப்பம், ஒரே கிண்ணம், நடுவிலே மதில்! பாலசூரியவின் கேள்விக்கு இதைவிடக் கடுமையான உதாரணம் வேண்டியதில்லை.

மாநாடுகள் விட்ட இவ்விடத்தை நிரப்பியது தமிழ்ப் புனைகதை. கே. டானியலின் ‘கானல்’ 1986இல் வெளிவந்தது. அவருடைய ‘பஞ்சமர்’ பெற்ற கவனத்தை அது பெறவில்லை; ஆயின், நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதுவே நெருக்கமான நூல். யாழ்ப்பாணத்தில் சாதிக் கொடுமைக்கு உள்ளான மக்கள் கிறிஸ்தவத்தில் விடிவைத் தேடுகின்றனர். புதிய சமயத்துக்குள்ளும் பழைய சமூகம் அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கின்றது. தாகங்கொண்டவன் நீரென்று ஓடிச் சென்று கண்டது கானல் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகின்றது. டானியல் மதமாற்றத்தைக் கேலி செய்யவில்லை. மாறியவர்களின் தாகம் உண்மையானது என்பதை அவர் அறிவார். தாகத்தை மதித்து, நீரை விசாரிப்பதே அந்நாவலின் நேர்மை.

நாவல் இதனைச் செய்ய முடிந்ததற்கும் மாநாட்டு அறிக்கை செய்ய முடியாமற் போனதற்கும் காரணம் என்ன? அறிக்கை ‘ஏழைகள்’ என்று எழுதும்; நாவல் ஓர் ஏழையை எழுதும். அறிக்கையில் ஏழை எப்போதும் பொருளாகவே வருகின்றான். வாக்கியத்தின் எழுவாயாக இருப்பது ‘திருச்சபை’. திருச்சபை ஏழைகளை நேசிக்க வேண்டும். ஏழைகளோடு நடக்க வேண்டும். ஏழைகளுக்குச் செவிகொடுக்க வேண்டும். நாவலிலோ ஏழையே எழுவாய். அவன் நம்புகின்றான், ஏமாறுகின்றான், கோபிக்கின்றான், மறுபடியும் முயல்கின்றான். டானியலும், ‘தண்ணீரும் கண்ணீரும்’ எழுதிய டொமினிக் ஜீவாவும் கிறிஸ்தவப் பெயர்களைச் சுமந்து, ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து பேனாவைக் கையிலெடுத்தவர்கள். ஞாயிறு பூசையில் எந்த இருக்கை யாருக்குரியது என்பதை அவர்களுக்கு எந்த இறையியலாளரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்றாட வாழ்வில் சீடத்துவம் பற்றி விவாதிக்கப் போகும் கூட்டமொன்று, தன் மேசைமீது பிரகடன நகல்களோடு ‘கானலை’யும் வைக்கவேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

மாநாட்டுக்குப் பின் வந்த ஆண்டுகள் சீடத்துவத்தைச் சோதனைக்கு உட்படுத்தின. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த அரசாங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிலிருந்து வீசப்பட்டனர். தெமட்டகொடையின் றெயில்வே குடும்பங்களுக்கு அது புத்தகச் செய்தியன்று. அடுப்பு அணைந்த செய்தி. தானே தெரிந்துகொண்ட எளிமையைப் பற்றி அவர்களிடம் பேசுவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியிருந்தது மறுபடி வேலை.

மூன்று ஆண்டுகளின் பின், 1983 ஜூலை 24 இரவு, கனத்தை மயானத்தில் மூண்ட தீ பொறளை வழியாகக் கொழும்பு முழுவதையும் பற்றியது. வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் இருந்தனர். அதே வீதிகளில், தம் வீட்டுப் பின்னறையில் தமிழ்க் குடும்பங்களை மறைத்துவைத்த சிங்கள, முஸ்லிம் அயலவரும் இருந்தனர். அந்த அயலவர் எந்த மாநாட்டுக்கும் போனவர்களல்லர். ‘அன்றாட வாழ்வில் சீடத்துவம்’ என்ற தொடரை அவர்களுட் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள், பெரும்பாலோர் கிறிஸ்தவருமல்லர்.

தலைமையில் இருந்தோருள் குருணாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவை இங்கே குறிப்பிடாது விடமுடியாது. நோயுற்ற உடலோடு நாடு திரும்பி, 1983 செப்டெம்பரில் தம் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய உரையில், நடந்ததற்குச் சிங்கள மக்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். தானும் ஒரு சிங்களவன் என்ற நிலையிலிருந்தே பேசினார். அடுத்த மாதம் 23ஆம் திகதி மறைந்தார். ஊவாவின் புத்தலைப் பகுதியில், கிறிஸ்தவர் இல்லாத ஒரு பௌத்த கிராமத்தில், யாரையும் மதம் மாற்றாமல் விவசாயிகளோடு வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை நிறைவேற்றும் வேளையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜெர்மனியின் டீட்ரிக் பொன்ஹொஃபர் சீடத்துவம் பற்றிய தம் நூலை 1937இல் வெளியிட்டு, விலை கொடாத அருளை நம்பும் கிறிஸ்தவத்தைச் சாடினார். 1945 ஏப்ரலில் நாஜிகளின் தூக்குமேடையில் அந்நூலுக்குரிய விலையைத் தாமே செலுத்தினார். உலகம் அவரை அறியும். ரொட்ரிகோவை அறிந்த தமிழ் மாணவர் எத்தனை பேர்? சிங்கள மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ளேயே இம்மனிதர்களின் நினைவு பூட்டிக் கிடக்கின்றது. பாலசூரிய, பீரிஸ் ஆகியோரின் எழுத்தும் தமிழ் வாசகரிடம் பரவலாக வந்து சேரவில்லை. மூன்று மொழிகள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் தெமட்டகொடையிலிருந்து பார்க்கும்போது இது சிறு குறையாகத் தோன்றவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சித்திரைப் புத்தாண்டு. அவ்வாண்டு அதே நாளிற் பெரிய வெள்ளியும் வந்தது. அன்று பிற்பகலில், தெமட்டகொடைக்குக் கிழக்கே மீதொட்டமுல்லயில் கொழும்பு மாநகரின் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆலயங்களிற் சிலுவைப்பாதை தியானிக்கப்பட்ட நாளில், நகரத்தின் கழிவு நகரத்தின் ஏழைகளைப் புதைத்தது. அம்மலையை உயர்த்தியதில் ஆலயத்துக்குச் சென்றவர்களின் வீட்டுக் குப்பையும் உண்டு. நம்முடைய குப்பையும் உண்டு. அக்குப்பையைத் தம் வீட்டருகே கொட்டவேண்டாமென்று மீதொட்டமுல்ல மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருந்தனர். அன்றாட வாழ்வு என்றால் இதுதான். தனிமனித ஒழுக்கத்தைக் கணக்கிடும் சீடத்துவம், பொய் சொன்னேனா, கோபித்தேனா என்று தன்னைத்தான் விசாரிக்கும். தன் வீட்டு வாளியிலிருந்த குப்பை யாருடைய கூரைமேல் விழுந்தது என்று விசாரிக்காது.

இரண்டு ஆண்டுகளின் பின், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவப்பிட்டிய ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று பிற்பகல், தெமட்டகொடையில் செல்வந்தக் குடும்பமொன்றின் மாளிகையைச் சோதனையிடச் சென்ற பொலிசார் மூவர் அங்கு வெடித்த குண்டினால் உயிரிழந்தனர். கொலைகாரர் வந்தது மாளிகையிலிருந்து. ஆனால் சந்தேகம் விழுந்தது வத்தைகளில் வாழ்ந்த முஸ்லிம் தையற்காரர் மீதும் ஆட்டோ சாரதி மீதும் பள்ளிக்குச் செல்லும் சிறுமி மீதும். பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்கலில் இறங்கவேண்டாமென்று மக்களைக் கேட்டுக்கொண்டார். நீர்கொழும்பிற் கலவரம் தலைகாட்டியபோது அங்கும் சென்று அமைதி வேண்டினார். அதனை நாம் மதிக்கின்றோம். எனினும் மே மாதம் 13ஆம் திகதி வடமேல் மாகாணத்தின் பல ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. நாத்தாண்டியப் பகுதியில் முஸ்லிம் தச்சுத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆசிய இறையியலாளர் கூடி முழு மனிதத்தைப் பற்றிப் பேசிய வென்னப்புவை அதற்கு அயலூர்.

அதே நாட்களில் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் கிறிஸ்தவரும் அகமதியரும் இருந்தனர். மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டே அவர்கள் இங்கு வந்திருந்தனர். வீட்டுக்காரர் சிலர் அயலாரின் வற்புறுத்தலுக்கு அஞ்சியே கதவைத் திறந்து வெளியே போகச் சொன்னார்கள். அவர்களுக்கு இடம் தேடி அலைந்தவர்களிலும் கிறிஸ்தவர் சிலர் இருந்தனர். ஒரு வீட்டுக்காரன், ஒரு வாடகைக்காரன், ஒரு கதவு; சீடத்துவம் இந்த அளவுக்குச் சுருங்கி நிற்கும் கணம் இது. அந்த வீட்டுக்காரன் கெட்டவனாக இருக்கவேண்டியதில்லை. அவனுக்கு அயலாரின் கல்லெறி பயம். தன் பிள்ளைகளைப் பற்றிய பயம். அவனோடு நிற்க யாருமில்லாதபோது அவனிடம் வீரத்தை எதிர்பார்ப்பது எளிது. தனி மனிதனின் தோளில் மட்டும் சீடத்துவத்தை ஏற்றிவிட்டுக் கலைந்து செல்லும் கூட்டங்கள் செய்யும் தவறு இதுவே. பயந்த மனிதன் பயமின்றி நல்லதைச் செய்வதற்கு ஓர் இயக்கம் வேண்டும், அயல் வேண்டும், சங்கம் வேண்டும்.

இவ்வளவும் சொல்லிய பின், விரல் நம்மை நோக்கியும் திரும்பவேண்டும். 1947இல் கந்தசாமி உயிர்கொடுத்த கொடியைத் தாங்கிய கட்சிகளே, 1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ்மொழிக்கு ஓரளவு இடமளித்த பிரமாணங்களை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் சென்ற அணியில் நின்றன. பத்தொன்பது ஆண்டுகளில் ஊர்வலத்தின் திசை எவ்வளவு மாறிவிட்டது! பிரகடனங்களில் நாமும் குறைந்தவர்களல்லோம். ‘பாட்டாளி வர்க்கம்’ என்ற சொல்லை நாமும் எழுவாயாக அன்றிச் செயப்படுபொருளாகவே பலமுறை பயன்படுத்தியுள்ளோம். கருத்தரங்குகளில் நாமும் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசி, தேநீர் அருந்தி, தீர்மானம் நிறைவேற்றி, பேருந்தில் வீடு திரும்பியுள்ளோம். தேநீர் கொண்டுவந்து வைத்தவரின் சம்பளம் என்னவென்று எத்தனை முறை கேட்டோம்? திருச்சபையை விமர்சிக்கும் உரிமை நமக்கு உண்டு; ஆயின், அவ்விமர்சனம் நம்மையும் உள்ளடக்கும்போதே அது விமர்சனம். இல்லையேல் அது வசை.

ஆகவே சமயத் தலைவர்களிடமும் நமது தோழர்களிடமும் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வென்னப்புவையின் ஒழுங்கைத் திரும்பப் பின்பற்றுங்கள்: முதலில் மக்களோடு தங்குங்கள், பின்னர் பேசுங்கள். பேசும்போது தமிழிலும் சிங்களத்திலும் பேசுங்கள். றெயில்வேத் தொழிலாளியும் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகிப் படியேறும் தாயும் கூட்டத்தில் சாட்சிகளாக அன்றி, தீர்மானிப்பவர்களாக அமரட்டும். ஆலயத்தில் மதில் உண்டா, இல்லையா என்பதை ஆயரிடம் கேட்காதீர்கள். மதிலுக்கு அப்பால் இருந்தவரிடம் கேளுங்கள்.

2020 டிசம்பரில், கொவிட் நோயால் இறந்தவர்களை அவர்தம் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தபோது, பிறந்து இருபதே நாட்களான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடலும் பொறளையில் எரிக்கப்பட்டது. அடுத்த நாட்களில் கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகள் தோன்றத் தொடங்கின. பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கட்டிச் சென்றனர். 1983இல் இந்நகரத்தின் வெறி புறப்பட்ட அதே மயானம் அது. அத்துணிகள் இரவோடிரவாக அகற்றப்பட்டன, மறுபடியும் கட்டப்பட்டன. அங்கு எவரும் சீடத்துவத்தைப் பற்றி உரையாற்றவில்லை. துணியைக் கட்டிவிட்டு, பஸ் பிடித்து, அவரவர் வேலைக்குச் சென்றனர்.